நிலாப் படம்: ஒரே ஷாட் போதுமா, வீடியோ எடுத்து அடுக்கணுமா?

பிறைத்தேடி:
150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்புற ஆடித் தொலைநோக்கி). நிலாவைத் தானா பின்தொடர்ற டிராக்கிங் கிடையாது. கேமரா பழைய 18 மெகாபிக்சல் கேனான் டிஎஸ்எல்ஆர், ஏபிஎஸ்-சி சென்சார். கேமராவை ஸ்கோப்பில் மாட்ட டி-ரிங்கும் 1.25 அங்குல மூக்குக்குழாயும் கைவசம் இருக்கு. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் நிலா தெளியவே மாட்டேங்குது. இது முதல் கேள்வி. அடுத்தது, ரா ஃபைலா (RAW, கேமரா சுருக்காம சேமிக்கிறது) ஒரு நல்ல படம் எடுத்தாலே போதும்னு சிலர் சொல்றாங்க. வீடியோ எடுத்து அதோட சட்டங்களை (ஃபிரேம்) ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலைன்னா அது படமே இல்லைன்னு வேற சிலர். புதுக் கேமரா வாங்குற எண்ணம் இல்லை. எந்தப் பக்கம் போகலாம்?

நேர்குவியம்:
தெளியாததற்கு ஸ்கோப்பில் கோளாறு தேட வேண்டாம். கேனான் ஈஎஃப் மவுன்ட்டின் விளிம்பிலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. டி-ரிங்கோடு சேர்த்தால் 55. கண்ணால் பார்க்கவென்று கட்டிய நியூட்டோனியனில் (உங்களுடையது போன்ற ஆடித் தொலைநோக்கி) குவியத்தளம் ஃபோகஸர் வாய்க்கு வெளியே அவ்வளவு தூரம் வருவதில்லை. சென்சார் அந்தத் தளத்தைத் தாண்டி நிற்கிறது. இன்னும் உள்ளே போக வேண்டும், போக இடமில்லை.

எளிய வழி பார்லோ, அதாவது பிம்பத்தைப் பெரிதாக்கும் துணை வில்லை. அது குவியத்தை வெளியே தள்ளும். மேல் முனையில் டி-மரை வெட்டிய பார்லோவாக இருந்தால் மூக்குக்குழாயே தேவையில்லை, டி-ரிங்கை நேராகத் திருகலாம். அல்லது முதன்மை ஆடியை நீள போல்ட், நீள ஸ்பிரிங் போட்டு 30 மி.மீ. மேலே ஏற்றலாம். எஃப்/8-இல் (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 8 மடங்கு) அப்படி ஏற்றினால் துணை ஆடியில் விழும் ஒளிக்கூம்பு 3.75 மி.மீ. அகலமாகும். துணை ஆடி ஏற்கெனவே இறுக்கமான அளவில் இருந்தால் ஓர ஒளி வீணாகும். அதோடு, அதன்பின் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டுப் பார்க்க நீட்டிப்புக்குழாய் வேண்டியிருக்கும். உள்ளே கண்ணாடி இல்லாததால் சென்சார் மவுன்ட்டுக்கு அருகிலேயே இருக்கும் மிரர்லெஸ் பாடி இரவல் கிடைத்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் மிரர்லெஸ்ஸுக்கென்று விற்கும் டி-ரிங்குகள் பெரும்பாலும் அதே 55 மி.மீ. வரும்படி நீளமாகக் கடைந்தவை. அதை வாங்கினால் ஒரு மி.மீ.கூட லாபமில்லை. மவுன்ட்டோடு ஒட்டி உட்காரும் குட்டை மூக்குக்குழாய் கேட்டு வாங்க வேண்டும்.

இனி படம். நிலாவின் பிம்பம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு. 1200-க்கு 11 மி.மீ. உங்கள் சென்சார் 22.3 × 14.9. முழு நிலாவும் வசதியாக உட்காரும், குறுக்கே சுமார் 2500 பிக்சல். ஐஎஸ்ஓ 100-இல் பௌர்ணமிக்கு 1/200 நொடி, அஷ்டமிக்கு 1/50, மெல்லிய பிறைக்கு 1/25 என்று தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துங்கள். நிலா நொடிக்குச் சுமார் 14.5 ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. 1/50 நொடியில் 0.3. உங்கள் ஒரு பிக்சலின் அகலம் 0.74. ஆகவே டிராக்கிங் இல்லாதது ஒரு குறையே அல்ல. லைவ் வியூவில் எடுத்தால் கண்ணாடி முன்கூட்டியே மேலே போயிருக்கும், அதிர்வு குறையும். 2 நொடி டைமர் போடுங்கள். ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் ஒருமுறை 10× பெரிதாக்கி ஃபோகஸ் பாருங்கள். பிரகாசமான விளிம்பில் பார்க்காதீர்கள், நிழல் விழும் கோட்டருகே ஒரு சிறு குழியில் பாருங்கள். முப்பது படத்தில் சிறந்த ஒன்று போதும்.

அலைமுகம்:
கணக்கு சரிதான். ஆனா மேல் பத்தியில பார்லோ போடச் சொல்லிட்டு, கீழ்ப் பத்தியில 11 மி.மீ. பிம்பம்னு எழுதியிருக்கீங்களே? 2× பார்லோ போட்டா பிம்பம் 22 மி.மீ. அது 14.9-ல எப்படி உட்காரும்? அந்த 2×-ம் ஐபீஸ் வைக்கிற தூரத்துக்குத்தான். சென்சார் இன்னும் தள்ளி இருக்கிறதால பெருக்கம் இரண்டைத் தாண்டும். எஃப்/16 ஆனதும் அஷ்டமி நிலாவுக்கு 1/50 போய் 1/12 ஆகும், இல்லைன்னா ஐஎஸ்ஓ 400.

பார்லோ வேண்டாம்னு நான் சொல்லலை, கட்டாயம் வேணும். 150 மி.மீ. ஆடி பிரிச்சுக் காட்டுறது 0.77 ஆர்க்செகண்ட் வரைக்கும். அதைப் பதிவு பண்ண பிக்சல் அதுல பாதியாவது இருக்கணும். 0.74 பிக்சலை வெச்சுக்கிட்டு ஸ்கோப் காட்டுற விவரத்துல பாதியைத் தூக்கிப் போடுறீங்க. நிலாவில 1 ஆர்க்செகண்ட்னா 1.86 கி.மீ. பிளேட்டோங்கிற பெரிய நிலாக்குழியோட தரையில இருக்கிற சின்னக் குழிகளில் பெரியதே 2 கி.மீ. சுமாருக்குத்தான் வரும். ஒரே ஷாட்ல பிளேட்டோ வழவழன்னு சாம்பல் தட்டாத்தான் தெரியும்.

இன்னொண்ணு காற்று. அதோட அலைவு சில மில்லிநொடிக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருக்கு. 1/50 நொடின்னா 20 மில்லிநொடி, அதுக்குள்ள பிம்பம் குழைஞ்சிடும். நூற்றுக்கணக்கில சட்டம் எடுத்து, காற்று அடங்கின கணத்துல விழுந்ததை மட்டும் பொறுக்கணும்.

நேர்குவியம்:
எந்தக் கேமராவில் பொறுக்குவது? அவரிடம் இருப்பது டிஎஸ்எல்ஆர். ஃபுல் எச்டி வீடியோவில் 5184 பிக்சல் 1920 ஆகச் சுருங்குகிறது, அதுவும் பழைய பாடிகளில் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்து. பார்லோ இல்லாமல் நேர்குவியத்தில் ஒரு பிக்சல் 2 ஆர்க்செகண்ட் ஆகிவிடும். அதற்கு மேல் கம்ப்ரஷன். அதில் 1000 சட்டம் அடுக்கினாலும் ஒரு ரா படத்தின் பக்கத்தில் நிற்காது.

அலைமுகம்:
மூவி மோடை யார் சொன்னா? யூஎஸ்பி கேபிளைக் கணினியில மாட்டி, லைவ் வியூவை 5× வெச்சு, அந்த ஓட்டத்தையே பதிவு பண்ற மென்பொருள் இருக்கு. பேக்யார்ட் ஈஓஎஸ், ஈஓஎஸ் மூவி ரெக்கார்டர் மாதிரி. 5×-ல சென்சாரோட நடுப்பகுதி ஏறக்குறைய பிக்சலுக்குப் பிக்சல் வரும், சுமார் 1000 பிக்சல் அகலம்.

டாப்சோனியன்ல செய்யுற முறை: குழியை ஓட்டம் வர்ற பக்கத்து ஓரத்துல நிறுத்தி, கையை எடுத்து, 2 நொடி ஆட்டம் அடங்கட்டும். 2× பார்லோவோட 0.37 ஆர்க்செகண்ட் பிக்சல்ல குறுக்கே கடக்க 25 நொடி ஆகும். அதுல நடு 10 நொடியை மட்டும் வெச்சுக்கிட்டு மறுபடி தள்ளு. ஏழெட்டு துண்டு சேர்த்தா 1000 சட்டத்தைத் தாண்டும். பிப் மென்பொருள்ல சேர்த்து, அடுக்குற மென்பொருளான ஆட்டோஸ்டாக்கர்ட்ல சர்ஃபேஸ் மோட் போட்டு, நங்கூரப் பெட்டியை நிழலும் வெளிச்சமும் கலந்த இடத்துல வை. வழவழப்பான மாரேல (நிலாவோட இருண்ட சமவெளி) வெச்சா அலைன்மென்ட் வழுக்கும். தரத்துல மேல இருக்கிற 10 சதவீதத்தை அடுக்கு. அப்புறம் ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருள்ல வேவ்லெட், அதாவது விவரத்தை அளவுவாரியா அடுக்கடுக்கா ஷார்ப்பன் பண்றது.

மாடிவானம்:
அண்ணே, இவ்வளவு கேபிள் எதுக்கு? 15 மி.மீ. ஐபீஸ், 80×. போன் லென்ஸோட நிஜக் குவியத்தூரம் 5.5 மி.மீ.னா மொத்தம் 440 மி.மீ. பிக்சல் 1.6 மைக்ரான் வெச்சுப் பார்த்தா ஒரு பிக்சல் 0.75 ஆர்க்செகண்ட். டிஎஸ்எல்ஆர் நேர்குவியத்துல தர்ற அதே அளவு! குவியம் எட்டலைங்கிற பிரச்சினையும் இல்லை. கிளாம்ப் மட்டும் ஆடாம இருக்கணும்.

அலைமுகம்:
தம்பி, அளவு ஒண்ணுதான். ஆனா போன் தானா ஷார்ப்பன் பண்ணி, நாய்ஸைத் தேய்ச்சுக் கொடுக்கும். நிலா மோட், சீன் ஆப்டிமைசர் எல்லாத்தையும் அணை, ப்ரோ மோடுல ரா எடு. இல்லைன்னா குழியை வரைஞ்சது உன் ஆடியா போனான்னு உனக்கே தெரியாது.

ஆடிக்காரர்:
எல்லோரும் கேமராவையே பேசுகிறீர்கள். ஒரு சட்டம் போதுமா என்பதைத் தீர்மானிப்பது ஆடியின் விட்டத்துக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம். ஒளியியல் ஆய்வாளர் டேவிட் ஃப்ரைட் 1978-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். காற்று எவ்வளவு அகலத்துக்குச் சீராக இருக்கிறதோ அதை ஓர் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்; 2 ஆர்க்செகண்ட் சீயிங் (காற்றின் அலைவால் பிம்பம் பரவும் அளவு) உள்ள இரவில் அது 5 செ.மீ.க்குச் சற்று மேல். ஆடி அதைப்போல் 3 மடங்கு என்றால் குறுகிய எக்ஸ்போஷர்களில் நான்குக்கு மூன்று தேறும். 4 மடங்கென்றால் மூன்றுக்கு ஒன்று. 5 மடங்குக்குப் பத்தில் ஒன்று. 7 மடங்குக்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பதில் ஒன்று.

ஆகவே 350 மி.மீ. ஆடிக்கு வீடியோவைத் தவிர வேறு வழி கிடையாது. 150 மி.மீ.க்கு நல்ல இரவில் நேர்குவியம் சொல்வது செல்லும். ஆனால் நல்ல இரவு என்றால். வெயில் குடித்த சிமென்ட் மாடியில் அந்த 5 செ.மீ. 3 ஆகச் சுருங்கினால், அதே 150 மி.மீ.யும் பத்தில் ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிடும்.

அதனால்தான் நாளைப் பார்க்கச் சொல்கிறேன். வளர்பிறை அஷ்டமியில் நிலா சூரியன் மறையும் நேரத்திலேயே உச்சியில் இருக்கும். மாடி அனலாக இருக்கும் நேரமும் அதுதான். தரை ஆறும்போது நிலா மேற்கே சரிந்திருக்கும். தேய்பிறை அஷ்டமியில் தலைகீழ். நள்ளிரவில் எழுந்து விடியற்காலை உச்சிக்கு வரும், அப்போது மாடி ஆறியிருக்கும். எல்லோரும் சாயங்காலமே எடுப்பதற்குக் காரணம் தூக்கம், வேறொன்றுமில்லை. ஒன்று, நம் அட்சரேகையில் உச்சி என்றால் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். அங்கே டாப்சோனியனைப் பக்கவாட்டில் நகர்த்துவது கஷ்டம், கேமரா கனமும் சேரும். 60, 70 பாகை உயரத்தில் எடுத்துவிடுங்கள்.

ஸ்கோப்பை ஏசி அறையில் வைக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் குளிர்ந்த ஆடியை வெளியே கொண்டுவந்ததும் ஈரம் படியும். துடைக்கக் கூடாது, தானாகக் காய விட வேண்டும்.

அலைமுகம்:
ஃப்ரைட் கணக்கை மதிக்கிறேன் ஐயா. ஆனா அது வானத்துல ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும். நிலா 1800 ஆர்க்செகண்ட் அகலம். ஒரே சட்டத்துல கிளேவியஸ் குழி தெளிவா இருக்கும்போது பிளேட்டோ பக்கம் வேற காற்று, குழம்பியிருக்கும். எல்லா இடமும் சேர்ந்து அடங்குற சட்டம்னு ஒண்ணு வரவே வராது. ஆட்டோஸ்டாக்கர்ட்ல நூறு அலைன்மென்ட் புள்ளி வெச்சா, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா நல்ல சட்டத்தை எடுக்கும். ஒரே ஷாட்டுக்கு இதுக்கு என்ன பதில்?

நேர்குவியம்:
0.74 பிக்சலில் எடுத்த முழு நிலாப் படத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதே பதில். பிளேட்டோவின் குழிகளைத் தேடுபவருக்கு உங்கள் வழி, மறுக்கவில்லை. ஆனால் அடுக்கிய படங்களில் பாதிக்கு மேல் வேவ்லெட்டை இழுத்து இழுத்துக் கெட்டவை. நிலாவின் விளிம்புக்கு உள்ளே ஒட்டினாற்போல் இரண்டாவது கோடு ஓடும். குழி விளிம்புகளில் வெள்ளைப் பட்டை வரும். நிழல் கன்னங்கரேலென்று கத்தரித்தது போல் நிற்கும். எல்லாவற்றையும்விட மோசம், நாய்ஸ் புள்ளிகள் குட்டிக் குழிகளாக உருமாறுவது. அதையெல்லாம் விவரம் என்று கொண்டாடுகிறார்கள்.

அலைமுகம்:
அதுக்குச் சோதனை இருக்கு. ரெண்டு வீடியோவைத் தனித்தனியா அடுக்கி, ஒரே அளவுல ஷார்ப்பன் பண்ணுங்க. ரெண்டுலயும் அதே இடத்துல இருக்கிற குழி நிஜம், ஒண்ணுல மட்டும் இருந்தா நாய்ஸ். சந்தேகம் இருந்தா எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படங்களை வெச்ச எல்ஆர்ஓசி குவிக்மேப்ங்கிற இணைய வரைபடத்துல ஒப்பிடுங்க. விளிம்புக்கோட்டைத் தவிர்க்க, முதல் ரெண்டு வேவ்லெட் அடுக்கை மட்டும் தொட்டு, மீதியை விட்டுடணும்.

ஆடிக்காரர்:
இடைவழி ஒன்று இருக்கிறது. 40 ரா படம் தொடர்ச்சியாக எடுங்கள். பழைய பாடியில் ஆறேழு படத்திலேயே பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பும், நிரம்பியதும் ஸ்கோப்பைத் தள்ளி நிலாவை நடுவுக்குக் கொண்டுவரும் வேலையை அந்த இடைவெளியில் முடித்துக்கொள்ளுங்கள். பிப் மென்பொருள் கேனான் ராவைப் படித்து டிஃப் ஃபைலாக்கித் தரும். ஆட்டோஸ்டாக்கர்ட்டில் தரம் பிரித்து 16 படத்தை அடுக்கினால் நாய்ஸ் நான்கில் ஒன்றாகும். முழு நிலாவும் கிடைக்கும், ஷார்ப்பன் பண்ணவும் இடம் இருக்கும்.

நேர்குவியம்:
இதை ஏற்கிறேன். ரா, முழுச் சட்டம், கம்ப்ரஷன் இல்லை.

அலைமுகம்:
அதுக்குப் பேரும் ஸ்டாக்தான் சார்.

பிறைத்தேடி:
சரி, வர்ற தேய்பிறை அஷ்டமிக்கு 40 ரா. நண்பர்கிட்ட 2× பார்லோ இருக்கு. ஆனா முழு நிலா 22 மி.மீ. ஆகுதே, சென்சார்ல நிற்காதே?

ஆடிக்காரர்:
அஷ்டமிக்குப் பாதி நிலாதானே. 11 × 22 மி.மீ. கேமராவைத் திருப்பி, நீளப் பக்கம் கொம்புக்குக் கொம்பு வரும்படி வைத்துப் பாருங்கள். பெருக்கம் கூடினாலோ நிலா அண்மைநிலையில் (பூமிக்கு மிக அருகில்) இருந்தாலோ முனைகள் வெட்டுப்படும், அப்போது மேல் பாதி, கீழ் பாதி என்று கால் பங்கு மேற்பொருந்தும்படி இரண்டாக எடுத்து ஒட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர், ஒரே ஒயிட் பேலன்ஸ், இல்லாவிட்டால் ஒட்டு தெரியும். வெட்டு அதிகமாக இருந்தால் பார்லோவின் வில்லைக் கூட்டை மட்டும் கழற்றி மூக்குக்குழாயின் ஃபில்டர் மரையில் திருகுங்கள், பெருக்கம் இறங்கும்.

நிஜப் பெருக்கத்தைப் படத்திலேயே அளக்கலாம். கொம்புக்குக் கொம்பு 5000 பிக்சல் வந்தால், பிக்சலுக்கு 4.3 மைக்ரான் வீதம் 21.5 மி.மீ. அதை 206265-ஆல் (ஒரு ரேடியனில் உள்ள ஆர்க்செகண்ட்) பெருக்கி, ஸ்டெல்லேரியம் மென்பொருள் அன்றைக்குக் காட்டும் நிலா விட்டத்தால் வகுங்கள். 1860 ஆர்க்செகண்ட் என்றால் 2384 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 2×.

அலைமுகம்:
அன்னைக்கே 5×-ல ஒரு பத்து நொடித் துண்டும் எடுத்து வைங்க. பிளேட்டோ நிழல் கோட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கும். ரெண்டையும் இங்க போடுங்க, பார்த்துப்போம்.

நேர்குவியம்:
ரா ஃபைலையும் சேர்த்துப் போடுங்கள். ஜேபெக் வேண்டாம்.