செல்லாயி வகையறா குழு: ஞாயிறு காதுகுத்து

ராஜேந்திரன் பெரியப்பா: ஞாயிறு யாழினிக்குக் காதுகுத்து. எல்லாரும் எட்டு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். கார்த்தி, தாய்மாமன் மடி உன்னுடையது. சனிக்கிழமையே வந்துவிடு.

கார்த்தி: பெரியப்பா, வயிறு இன்னும் சரியாகவில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா தெரியவில்லை. நடுவில் இறங்க வேண்டி வந்தால் கஷ்டம். மடிக்கு வேறு யாரையாவது பாருங்கள்.

சுதா: டேய், என்ன சொல்கிறாய்?

விஜயா அத்தை: ஆரம்பித்துவிட்டான். இவன் அப்பாவும் என் வளைகாப்புக்கு வயிற்றுவலி என்றுதான் வரவில்லை.

ராஜேந்திரன் பெரியப்பா: விஜயா, அது முடிந்துபோன கதை.

விஜயா அத்தை: எனக்கு முடியவில்லை.

சரோஜா சித்தி: வேப்பங்கொழுந்து அரைத்து வெறும் வயிற்றில் கொடுங்கள். பூச்சி ஓடிவிடும்.

மீனா: சித்தி, பூச்சி எப்போதோ போய்விட்டது. அதற்கான டினிடசோல் மாத்திரை சாப்பிட்டான். அப்புறம் வெவ்வேறு நாளில் மூன்று மலப் பரிசோதனை. நான்தான் லேபில் பார்த்தேன். ஜியார்டியா என்ற அந்தக் குடல் கிருமி இப்போது இல்லை.

விஜயா அத்தை: அப்புறம் எதற்கு வலி?

மீனா: அதைத்தான் சொல்ல வருகிறேன் அத்தை. ஜியார்டியா குடலைத் துளைத்து உள்ளே போகாது, சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டை உறிஞ்சும் மெல்லிய இழைகள் அதனால் தேய்ந்து குட்டையாகும். செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பும் தளரும். பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் அந்த இழைகளில்தான் இருக்கிறது. காபி குடித்தாலே அவனுக்கு உப்புசம் வருவது அதனால்தான்.

செந்தில் சித்தப்பா: 👍

மீனா: இன்னும் முடியவில்லை சித்தப்பா. குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கில் நரம்புச் செல்கள் இருக்கின்றன. எப்போது சுருங்குவது, எவ்வளவு நீர் சுரப்பது என்பதையெல்லாம் மூளையைக் கேட்காமல் அவையே பார்த்துக்கொள்ளும். தொற்றில் வந்த அழற்சி அந்த நரம்பு நுனிகளைக் கூச வைத்துவிடும். கிருமி செத்த பிறகும் சிலருக்கு அந்தக் கூச்சம் போகாது. நமக்குத் தெரியவே தெரியாத வாயு அவனுக்கு வலியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது, வலி இருக்கும்.

விஜயா அத்தை: இப்படி நான் கேள்விப்பட்டதே இல்லை.

மீனா: நார்வேயில் பெர்கன் நகரத்தில் 2004-ல் கழிவுநீர் கசிந்து குடிநீரில் கலந்து நிறையப் பேருக்கு ஜியார்டியா வந்தது. 3 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் 100-க்கு 46 பேருக்கு ஐ.பி.எஸ்., அதாவது நான் சொன்ன மாதிரி வயிற்றுவலி தொடரும் குடல் கோளாறு. தொற்று வராதவர்களில் 14 பேருக்குத்தான். 10 ஆண்டு கழித்தும் 43. இத்தனை பேரும் நடிக்கிறார்களா அத்தை?

கார்த்தி: அக்கா, பத்து வருடமா?

மீனா: பாதிக்கு மேல் அப்படி ஆகவில்லையே, அதைப் பார். எடை குறைந்தாலோ ரத்தம் போனாலோ உடனே டாக்டரிடம் போ. இப்போதைக்குப் பால் வேண்டாம்.

சுதா: பெரியவனுக்குப் பள்ளியில் பிப்ரவரி 10-ல் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே, அவனுக்கு இது வராதுதானே?

மீனா: அது அல்பெண்டசோல். உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு. ஜியார்டியாவுக்கு அந்த ஒற்றை மாத்திரை போதாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு. சாதாரணமாகக் கலக்கும் குளோரினுக்கு ஜியார்டியா சுலபத்தில் சாகாது.

செந்தில் சித்தப்பா: பொங்கலுக்கு வந்தபோது கார்த்தி நம் தொட்டித் தண்ணீரைத்தானே குடித்தான்?

ராஜேந்திரன் பெரியப்பா: கிணற்றுப் பங்கு பிரித்த நாளிலிருந்து தொட்டி கழுவுவது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை.

செந்தில் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: எங்கே குடித்ததில் வந்தது என்று இப்போது சொல்லவே முடியாது. ஆனால் தொட்டியைக் கழுவுங்கள்.

சரோஜா சித்தி: அப்படியானால் பால் பாயசம் வேண்டாமா? சமையல்காரரிடம் சொல்லிவிட்டேனே.

மீனா: பருப்புப் பாயசம் வைக்கலாமே. தேங்காய்ப்பாலில் அந்தச் சர்க்கரை இல்லை.

ராஜேந்திரன் பெரியப்பா: தேங்காய் விற்கிற விலைக்கா?

விஜயா அத்தை: என் மரத்துக் காய் இருக்கிறது. கொண்டு வருகிறேன். கார்த்தி, நீ பஸ்ஸில் வராதே. உன் மாமா காரில் கூட்டி வருவார். எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்.

கார்த்தி: அத்தை 🙏 முயற்சி செய்கிறேன்.

சுதா: முயற்சியெல்லாம் இல்லை, வா. ஆசாரி ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

விஜயா அத்தை: மாமா கார் சர்வீஸில் இருக்கிறதாம். சனிக்கிழமை வந்துவிடும் என்கிறார். கேட்டுச் சொல்கிறேன்.