அராமிட் கயிறு கப்பி வளைவிலேயே அறுகிறது

இடம் நிலாவெளி, திருகோணமலை. 19 அடி பைபர் வள்ளம். நங்கூரத்துக்கு 8 மில்லிமீட்டர் அராமிட் கயிறு, அதாவது கெவ்லார் இனச் செயற்கை இழை, மேலே பொலியெஸ்டர் உறை. வாங்கி 4 மாதத்தில் 2 தடவை அறுந்துவிட்டது. இரண்டு தடவையும் அணியத்துக் (வள்ளத்தின் முன்முனை) கப்பியில் மடியும் அதே இடம்.

இரண்டாவது தடவை உறை அறவில்லை. கீறிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் இழை பஞ்சு பஞ்சாகப் பிரிந்து கிடக்கிறது. கையில் எடுத்தால் தூளாகவே வருகிறது.

முடிச்சை மாற்றினேன், நன்னீரில் கழுவினேன், கப்பி விளிம்பை அரம் போட்டு மழுப்பினேன். பலனில்லை. பழைய நைலோன் கயிறு இழுபட்டு இழுபட்டே 3 வருடம் உழைத்தது!

தேடிப் படித்தேன். மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் நேராக அடுக்கியிருப்பதால் இழுத்தால் நீளாதாம். ஒரு இழை சுமார் 12 மைக்ரோன், தலைமயிரைவிட மெல்லிசு, அதனால் வளைகிறது. சரி, ஆனால் வளைவின் உட்பக்கம் நசுங்கும்போது அந்த அடுக்கு மடிந்து பலம் போய்விடுமாம். என் கப்பியின் விட்டம் 5 சென்ரிமீட்டர்தான்.

இந்தக் கயிற்றுக்குக் கப்பி குறைந்தது எத்தனை சென்ரிமீட்டர் இருக்க வேண்டும்?