ஃபயர்வால் இருந்தும் லேப்டாப் வழியாக வார்ம் (நெட்வொர்க்கில் தானாகவே பரவும் தீநிரல்) உள்ளே வருகிறது, எப்படித் தடுப்பது?

பின்னலாடை_ஐடி:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சிஸ்டம், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாம் நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். அறுபது சிஸ்டம் சொச்சம் இருக்கும். அதில் கால்வாசி லேப்டாப். மெர்ச்சண்டைசர்களும் க்யூசி ஆட்களும் அதைத் தூக்கிக்கொண்டு டையிங், ஜாப் ஒர்க் யூனிட், பையிங் ஆபீஸ், வீடு என்று சுற்றுவார்கள்.

போன வாரம் டெல்லி போய்வந்த ஒரு லேப்டாப் ஆபீஸ் வைஃபையில் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கவுண்ட்ஸில் நாலைந்து சிஸ்டத்தில் ஒரே சமயத்தில் ஆன்டிவைரஸ் அறிவிப்பு வந்தது: அந்த லேப்டாப்பின் ஐபியிலிருந்து 445 போர்ட்டில் (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கான வழி) தாக்குதல், தடுக்கப்பட்டது என்று. லேப்டாப்பை உடனே கழற்றி வைத்துவிட்டேன்.

முதலாளிக்குக் கோபம். "அவ்வளவு காசு போட்டு ஃபயர்வால் வாங்கினோமே, அதை மீறி எப்படி வரும்?" என்கிறார். இன்னும் பெரியதாக ஒன்று வாங்கவும் தயாராக இருக்கிறார். வாங்கினால் தீருமா? இன்னொரு கவலை: எம்பிராய்டரி டிசைன் போடும் சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7. சாஃப்ட்வேர் டாங்கிளோடு (லைசன்ஸுக்காகச் சொருகும் சின்னக் கருவி) கட்டுண்டது, மாற்ற முடியாது. டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) இருக்கிறது, ஃபைல் சர்வர் ஒன்று, டேலியும் அதில்தான்.

சுவிட்ச்போர்ட்:

அந்த லேப்டாப்பை ஸ்கேன் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீங்க. டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்க. இன்னொன்று: அறிவிப்பு வந்த சிஸ்டங்கள் தப்பித்தவை. அறிவிப்பே வராத சிஸ்டங்களைத்தான் இன்றைக்கே போய்ப் பார்க்கணும்.

நொய்யல்:

மேலே சொன்னது ரொம்ப முக்கியம் தம்பி, முதலில் அதைச் செய்யுங்க.

பெரிய ஃபயர்வால் வேண்டாம் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லலாம். அந்தப் பெட்டி இன்டர்நெட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் போவதை மட்டும்தான் பார்க்கும். வைஃபையில் இருக்கும் லேப்டாப் அக்கவுண்ட்ஸ் சிஸ்டத்தைத் தொடுவது சுவிட்சோடு முடிந்துவிடுகிறது. எத்தனை லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் கண்ணில் அது படாது.

நான் இந்த வேலைக்கு வந்தது பிளாஸ்டர் வார்ம் அடித்த காலத்தில். 2003 ஜூலை 16 அன்றே மைக்ரோசாஃப்ட் அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் கொடுத்துவிட்டது. ஆகஸ்ட் 11 அன்று வார்ம் கிளம்பியது. 135 போர்ட்டை வாசலிலேயே அடைத்து வைத்திருந்த கம்பெனிகளும் மாட்டின, ஏனென்றால் வீட்டில் டயல்அப்பில் தொற்று வாங்கிய லேப்டாப் மறுநாள் காலை உள்ளே வந்தது. அதே வருடம் ஜனவரியில் ஸ்லாமர். அமெரிக்காவில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஃபயர்வால் அந்த வார்மின் போர்ட்டை அடைத்தே வைத்திருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவரின் நெட்வொர்க்கிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வந்த தனி லைன் வழியாக ஸ்லாமர் நுழைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் சிஸ்டம் ஏறத்தாழ 5 மணி நேரம் முடங்கியது. உலை அப்போது ஓடாமல் இருந்தது பெரிய அதிர்ஷ்டம்.

அதனால் காவல் ஒவ்வொரு சிஸ்டத்திலும் இருக்கணும். யோசித்துப் பாருங்க: ஃபைல் சர்வரில் இருக்கிறது, டேலி சர்வரில் இருக்கிறது. ஒரு மெர்ச்சண்டைசர் லேப்டாப் இன்னொருவர் சிஸ்டத்தின் 445-ஐத் தொட என்ன வேலை இருக்கிறது? ஒன்றும் இல்லை. வார்முக்குத்தான் அந்த வழி தேவை. விண்டோஸிலேயே இருக்கும் ஃபயர்வாலை குரூப் பாலிசி (டொமைனிலிருந்து எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே விதி போடும் வசதி) மூலம் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நெட்வொர்க் வகையிலும் ஆன் செய்து, உள்ளே வருவதை இயல்பாகவே மறுக்கும்படி வைங்க. ஃபைல், பிரிண்டர் ஷேரிங்குக்கான அனுமதி விதியை அணைச்சிடுங்க, அல்லது உங்கள் சிஸ்டத்தின் ஐபிக்கு மட்டும் சுருக்குங்க. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-க்கும் இதேதான்.

இங்கே நிறைய பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 445-க்கு "தடு" என்று தனி விதி எழுதிவிட்டு, பிறகு தன் சிஸ்டத்துக்கு மட்டும் "அனுமதி" எழுதுவார்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் தடுக்கும் விதிதான் ஜெயிக்கும், உங்களையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். இயல்பான மறுப்பையே நம்புங்க. வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி எழுதுங்க.

போடுவதற்கு முன்னால் ஒரு நடை நடந்து பாருங்க. யாராவது மேசையில் யுஎஸ்பி பிரிண்டரை நாலு பேருக்கு ஷேர் செய்திருப்பார்கள், யாராவது டி டிரைவைத் திறந்து வைத்திருப்பார்கள். அதையெல்லாம் சர்வருக்கு நகர்த்தின பிறகு பாலிசியைப் போடுங்க. இல்லாவிட்டால் ஷிப்மென்ட் நேரத்தில் பேக்கிங் லிஸ்ட் அச்சாகாது, முதல் சத்தத்திலேயே பாலிசியை எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி ஐசொலேஷன் வசதி இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. லேப்டாப்புகளைத் தனி விலேனில் (அதே சுவிட்சிலேயே பிரித்து வைக்கும் நெட்வொர்க்) வைத்து, சர்வரில் தேவையான போர்ட்டுகளை மட்டும் திறங்க. விபிஎன்னில் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சேரும் இணைப்பு) வருபவர்களுக்கும் இதே கட்டுப்பாடு வேணும். வீட்டிலிருக்கும் லேப்டாப் விபிஎன் போட்ட நொடியில் ஆபீஸுக்குள் இருக்கிறது. அப்டேட் உங்கள் சர்வரிலிருந்து மட்டும் வருகிறதா என்றும் பாருங்க. அப்படியானால் ஊர் சுற்றும் லேப்டாப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது, நேராக மைக்ரோசாஃப்டிலிருந்து எடுக்க விடுங்க. வானாக்ரை என்ற வார்ம் பயன்படுத்திய ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் வந்தது; மே 12 அன்று அது வெடித்தது. அந்த இரண்டு மாதத்தில் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

பேட்ச் மட்டும் போதும் என்றும் நினைச்சிடாதீங்க. அதே 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா என்ற வார்ம், பேட்ச் போட்ட சிஸ்டங்களுக்குள்ளும் போனது. ஒரு சிஸ்டத்தின் நினைவகத்திலிருந்து அட்மின் பாஸ்வேர்டை உருவி, அதை வைத்து அடுத்ததற்குள் முறைப்படி லாகின் செய்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி அதில் விழுந்தபோது மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினலும் நின்றது. ஏற்றுமதி செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, முதலாளியிடம் இந்த ஒன்றையாவது சொல்லுங்க. எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் இன்றே மாற்றணும். விண்டோஸ் லேப்ஸ் என்ற வசதி ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து அதுவே மாற்றிக்கொண்டிருக்கும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸோடே வருகிறது, தனிக் காசு கிடையாது.

டிசைன் சிஸ்டம். விண்டோஸ் 7-க்கு வானாக்ரை ஓட்டையின் பேட்ச் உண்டு, அது ஏறியிருக்கிறதா என்று பாருங்க. தனி விலேன், இன்டர்நெட் கிடையாது, யாரும் டொமைன் அட்மினாக அதில் லாகின் செய்யக்கூடாது. அதிலிருந்து சர்வரின் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வழி. டிசைன் சிஸ்டத்தை நோக்கி யாரும் வர வழி இருக்கக்கூடாது. எம்பிராய்டரி மெஷினுக்குப் பென்டிரைவில்தான் டிசைன் போகும் என்பதால் ஆட்டோரனை (சொருகியதும் தானாக ஓட வைக்கும் வசதி) அணைச்சிடுங்க, கான்ஃபிக்கர் வார்ம் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. புதிய மெஷின் எது வந்தாலும் சோதிக்காமல் நெட்வொர்க்கில் மாட்டக்கூடாது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் நின்றதே, புதிதாக நிறுவிய ஒரு கருவியோடு வந்த வானாக்ரை வகைதான் காரணம்.

பின்னலாடை_ஐடி:

அண்ணா, ரொம்ப நன்றி. அறிவிப்பு வராத சிஸ்டங்களைப் போய்ப் பார்த்தேன். பேக்கிங்கில் பார்கோடு லேபிள் அடிக்கும் சிஸ்டத்தில் ஆன்டிவைரஸ் லைசன்ஸ் முடிந்து கிடந்தது, அதுவும் மற்ற ஐபிகளின் 445-ஐ வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டேன். எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பேசும் மொழி) முதல் பதிப்பையும் அணைக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்வதை ஃபோல்டரில் போடுவது நின்றுவிடுமோ?

நொய்யல்:

பழைய மெஷினாக இருந்தால் நின்றுவிடலாம். அணைப்பதற்கு முன் சர்வரில் முதல் பதிப்புக்கான ஆடிட்டை ஆன் செய்யுங்க. அதில் யார் பேசினாலும் நிகழ்வு எண் 3000-ஆகப் பதிவாகும், ஐபியோடு. மாதக் கணக்கு முடியும்வரை விட்டுப் பாருங்க, மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலையும் சிக்கிவிடும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்க. இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்புங்க. விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பு பேசும், டிசைன் சிஸ்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்படியே விண்டோஸ் ஃபயர்வாலில் மறுக்கப்பட்ட பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் லாகையும் ஆன் செய்யுங்க, இயல்பாக அது அணைந்திருக்கும். ஒரே ஐபி பல சிஸ்டங்களின் 445-ஐத் தட்டுவது அதில் தெரிந்தால், ஆன்டிவைரஸ் சொல்லும்வரை காத்திருக்காமல் அந்த ஐபி மாட்டியிருக்கும் சுவிட்ச் போர்ட்டையே அடைச்சிடலாம்.