ஒரே ஒரு ஜெராக்ஸ் அட்டை: அந்த ஆட்டம் செல்லுமா, செல்லாதா?

பாலாற்றுமணல்:
போன ஞாயிறு சத்துவாச்சாரி மொட்டை மாடியில் நடந்த போகிமான் அட்டை ஆட்டத்தைப் பற்றி நம் காட்பாடி பைண்டர் இங்கே எழுதியது இது: "சொந்தமாக அட்டை வாங்கிச் சேர்க்காதவன் ஆட்டக்காரனே இல்லை. ஜெராக்ஸ் அட்டை போட்டு ஜெயித்தது செல்லாது." இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அன்று ஜெயித்தவன் ஒரு ஹாஸ்டல் பையன். அவன் டெக்கில் (ஆடும் அட்டைக் கட்டு) 60 அட்டை. 59 அசல். ஒன்றே ஒன்று, ப்ரைம் கேட்சர் என்ற அட்டை, கலர் ஜெராக்ஸ். ஆட்டம் தொடங்கும் முன்பே ஸ்லீவிலிருந்து (பிளாஸ்டிக் உறை) உருவிக் காட்டி, "அண்ணா, இது ஜெராக்ஸ், பரவாயில்லையா?" என்று கேட்டான். சரி என்று தலையாட்டியவர் யார்? எதிரே உட்கார்ந்திருந்த காட்பாடி பைண்டரேதான். தோற்ற பிறகு செல்லாது என்றால் என்ன நியாயம்?

காட்பாடி பைண்டர்:
நான் சரி என்றது அட்டையின் படத்துக்கு. தடிமனுக்கு இல்லை.

எனர்ஜி அட்டையின் மேல் ஜெராக்ஸ் தாளை வைத்து ஸ்லீவில் செருகியிருந்தான். அசல் அட்டை ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1. அப்படியென்றால் அந்த ஒரு அட்டை மட்டும் மற்ற 59-ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகத் தடிமன். கலைக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அதிகாரப்பூர்வப் போட்டியில் இதற்குப் பெயர் அடையாளமிட்ட அட்டை. அங்கே ஆட்டக்காரனே ஜெராக்ஸ் கொண்டுவர முடியாது. போட்டி நடக்கும்போது அட்டை சேதமானால் ஜட்ஜ்தான் மாற்று அட்டை தருவார். விதி தெரியாமல் நியாயம் பேச வேண்டாம்.

பாலாற்றுமணல்:
விதியா? பேசலாம். கடைசி முறையை அப்படியே சொல்கிறேன், பார்க்காதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் எடுப்பது பரிசு அட்டை, தன்னுடையதை முதலில் முழுவதும் எடுத்தவருக்கு வெற்றி. பையனுக்கு இன்னும் 2 பரிசு அட்டை எடுக்க வேண்டும். காட்பாடி பைண்டருக்கு ஒன்றே ஒன்று. அவருடைய அடிபட்ட ஈஎக்ஸ், அதாவது பலம் கூடிய போகிமான், 60 ஹெச்பி உயிர் மீதியோடு பின்வரிசையான பெஞ்சில் பதுங்கியிருந்தது. ஈஎக்ஸ் விழுந்தால் 2 பரிசு. ஆனால் முன்னால் வேறொன்று தடுப்புச் சுவர் மாதிரி நின்றது. பையன் கையில் உருப்படியாக எதுவும் இல்லை. ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் போட்டான். கையில் இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு 7 அட்டை எடுக்க வேண்டும். டெக்கில் மிச்சம் இருந்ததே 9 அட்டை. 7 எடுத்தான். ஐந்தாவதாக வந்தது ப்ரைம் கேட்சர். பெஞ்சில் இருந்த ஈஎக்ஸை முன்னால் இழுத்தான், அடித்தான், முடிந்தது.

ஒன்பதில் ஏழு! விரலால் தடவிப் பார்த்தா எடுக்க வேண்டும்? அந்த அட்டை வர 100-க்கு 78 வாய்ப்பு. அதிலும் முதலில் டெக்கை வெட்டிக் கொடுத்தது நீங்கள்தான்.

காட்பாடி பைண்டர்:
மீதி 22?

பாலாற்றுமணல்:
மீதி 22-க்கு அவன் தோற்றிருப்பான். அதற்குப் பெயர்தான் ஆட்டம்.

ஆம்பூர் அறுபது:
நானும் அந்த மாடியில் இருந்தேன். பையன் கண்ணை மேசையை விட்டு எடுக்கவில்லை, விரலால் தடவவும் இல்லை. ஒரு விஷயம் கேட்கிறேன். காட்பாடி பைண்டர் டெக்கில் பாதி பளபளக்கும் ஃபாயில் அட்டை. எல்லாம் வில் மாதிரி வளைந்திருந்தது. அது அடையாளம் இல்லையா?

காட்பாடி பைண்டர்:
வளைவு வேறு, தடிமன் வேறு. பேச்சை மாற்ற வேண்டாம். அப்புறம் ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019-லேயே பிரித்தாயிற்று. வேலூர் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அங்கிருந்து ஆள் வர வேண்டுமா?

ஆம்பூர் அறுபது:
மாவட்டத்தைப் பிரித்தால் ரயில் நின்றுவிடுமா? நான் ஒவ்வொரு ஞாயிறும் ரயில் ஏறி வருகிறேன். பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் நீங்கள் ஒரு மணி நேரம் தாமதம். போன மாதம் என் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது மாவட்டம் ஞாபகம் வரவில்லையா?

காட்பாடி பைண்டர்:
கத்தரிக்காயைத்தான் சாப்பிட்டேன். கறி எல்லாம் முன்பே காலி.

குடியாத்தம் அண்ணன்:
தம்பிகளா, 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோதும் இதே பேச்சைக் கேட்டேன். விடுங்கள்.

எங்கள் ஊர் தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். சின்ன வயதில் தீப்பெட்டிப் படத்தை வைத்துத்தான் ஆடுவோம். தரையில் வட்டம் போட்டு நடுவில் படங்களை அடுக்குவோம். தூரத்திலிருந்து சப்பைக் கல்லால் அடித்து வட்டத்துக்கு வெளியே தள்ளினால் படம் உனக்கு. என்னிடம் முந்நூறு படம் இருந்தது. அத்தனையும் மண்ணில் உரசி ஓரம் கிழிந்தவை. கிழியாத படம் வைத்திருந்த ஒரு பையனை நாங்கள் ஆட்டத்துக்கே சேர்க்க மாட்டோம். அவன் ஆடாமல் வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

பாலாற்றுமணல்:
அண்ணன் சரியாகச் சொன்னார். கையில் எடுத்து ஆடத்தான் அட்டை.

காட்பாடி பைண்டர்:
அண்ணனுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த முந்நூறில் இன்று ஒன்றாவது கையில் இருக்கிறதா?

குடியாத்தம் அண்ணன்:
இல்லை. அம்மா அடுப்பில் போட்டுவிட்டார்.

காட்பாடி பைண்டர்:
பார்த்தீர்களா. நான் அதைத்தான் சொல்கிறேன். இந்த ஆட்டம் ஜப்பானில் 1996-இல் வந்தது, ஆங்கிலத்தில் 1999-இல். அந்த ஆங்கில முதல் தொகுப்பில் 102 அட்டைதான். என்னிடம் அதில் 61 இருக்கிறது. 4-ஆம் எண் சாரிஸார்டும் இருக்கிறது, ஒரு முனை நசுங்கியது. எட்டு வருடச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சித்திரை வெயிலில் என் அறையில் எனக்கு ஃபேன் மட்டும்தான். அட்டை இருக்கும் டப்பாவுக்கு ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலம் மாதா மாதம் மாற்றுகிறேன். விளையாடுகிறவர்கள் பரோட்டா சாப்பிட்ட கையோடு அட்டையைத் தொடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஜெராக்ஸ் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யாராவது கேட்டீர்களா? மூன்று வருடம் முன்பு இணையத்தில் ஒருவரிடம் ஒரு முழுப் பெட்டி வாங்கினேன். எல்லாம் போலி. செல்போன் டார்ச்சை அட்டைக்குப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் அப்படியே ஊடுருவி வந்தது. அசல் அட்டையின் நடுவில் கறுப்பாக ஓர் அடுக்கு இருக்கும், வெளிச்சத்தை அவ்வளவாக விடாது. அன்று இரவு 36 பாக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் தங்க நிறப் போலி அட்டை தொங்குகிறதே, அந்தக் கதைதான். என் அக்கா மகன் அசல் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பத்துத் தங்க அட்டை வாங்கி வந்து பெருமையாகக் காட்டினான். இன்று மாடியில் ஒரு ஜெராக்ஸுக்குச் சரி என்போம். நாளை எது அசல் என்று அந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பாலாற்றுமணல்:
போலிக்கும் ஜெராக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவர் நீங்கள் இல்லை. போலி, அசல் மாதிரி நடித்து ஏமாற்றி விற்பது. பையன் நடிக்கவில்லை, காட்டிவிட்டு ஆடினான். உலகப் போட்டியில் நன்றாக ஆடியவர்களின் டெக்கைக் கம்பெனியே 60 அட்டைக் கட்டாகப் போட்டு விற்றது. பின்பக்கம் வேறு மாதிரி அச்சு, முன்னால் ஆட்டக்காரரின் கையெழுத்து. போட்டியில் செல்லாது, வீட்டில் ஆடலாம். கம்பெனிக்கே அந்தப் பெருந்தன்மை இருக்கிறது. காட்பாடிக்கு இல்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். மெஸ் பணம் போக அவனிடம் மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். 59 அட்டையை மாற்றி மாற்றிச் சேர்த்திருக்கிறான். ப்ரைம் கேட்சர் ஏஸ் ஸ்பெக் வகை, ஒரு டெக்கில் ஏஸ் ஸ்பெக் ஒன்றுதான் வைக்கலாம். அந்த ஒன்றுக்குத்தான் அவனிடம் பணம் இல்லை. பத்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்து, கத்தரிக்கோலால் 6.3-க்கு 8.8 சென்டிமீட்டர் சரியாக வெட்டி, முனைகளை வளைத்து வெட்டியிருந்தான். அந்த வேலையைப் பாருங்கள். ஆட வேண்டும் என்ற ஆசை இல்லாதவன் முனையை வளைத்து வெட்டுவானா?

காட்பாடி பைண்டர்:
முனையை எப்படி வெட்டினாலும் தடிமன் தடிமன்தான்.

பாலாற்றுமணல்:
சரி, சோதனையே செய்துவிட்டேன். நேற்று இரவு என் டெக்கில் ஓர் அட்டைக்கு அதே மாதிரி ஜெராக்ஸ் செருகினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, தம்பி கலைத்துக் கொடுக்க, பத்து முறை தேடினேன். இரண்டு முறைதான் கிடைத்தது. அதே டெக்கில் வளைந்த ஃபாயில் ஒன்றைத் தேடினேன். பத்துக்கு ஒன்பது! ஃபாயில் அட்டையில் தாளுக்கு மேல் மெல்லிய உலோகப் படலம். தாள் ஈரத்தை இழுக்கும், விடும். படலம் இரண்டும் செய்யாது. அதனால் வேலூர் வெயிலில் ஒரு பக்கம் வளைகிறது, ஐப்பசி மழையில் மறுபக்கம் வளைகிறது. வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் வளைவுக்கும் ஜட்ஜ் அடையாளமிட்ட அட்டை என்று தண்டனை தரலாம். சிலிக்கா போட்டுப் போட்டு நீங்கள் வளைத்து வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் செல்லாதது யாருடைய டெக்?

காட்பாடி பைண்டர்:
உங்கள் தம்பி கலைத்தான், உங்கள் கை தேடியது, முடிவும் உங்களுடையது. நல்ல சோதனை. பத்தில் இரண்டு கிடைத்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அதுவே போதும். தெரியும் என்றுதான் நானும் சொன்னேன்.

ஆம்பூர் அறுபது:
பத்தில் ஒன்பதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே?

காட்பாடி பைண்டர்:
ஃபாயில் கம்பெனி அச்சடித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் அச்சடித்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

தோட்டப்பாளையம் சீட்டு:
உங்கள் சண்டை புரியவில்லை. 2021-இல் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் ஒரே ஒரு பிகாச்சு அட்டையை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். ஆடாமல் வைத்தவன் பணக்காரன், ஆடினவன் மொட்டை மாடியில். நல்ல அட்டையை உறையில் போட்டு வையுங்கள், விலை ஏறும்.

பாலாற்றுமணல்:
விலை பேசுகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

காட்பாடி பைண்டர்:
இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான் ஓர் அட்டைகூட விற்றதில்லை.

பாலாற்றுமணல்:
விற்றதில்லை, மாற்றியது உண்டே! போன தீபாவளிக்கு முன்னால் என்னிடமிருந்து இரண்டு ஃபாயிலை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொடுத்த அட்டையில் பின்பக்கம் நகக்கீறல் இருந்தது. சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டேனா?

காட்பாடி பைண்டர்:
இப்போது கேட்கிறீர்களே. மாற்றும்போது ஸ்லீவை விட்டு எடுத்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். "உங்களை நம்பாமலா" என்றீர்கள். ஆம்பூர் சாட்சி.

ஆம்பூர் அறுபது:
என்னை இதில் இழுக்க வேண்டாம். நான் திருப்பத்தூர் மாவட்டம்.

குடியாத்தம் அண்ணன்:
அந்தப் பையனை யாராவது கேட்டீர்களா?

அறை எண் 214:
அண்ணா, நான்தான் அது. செமஸ்டர் தேர்வு, இன்றுதான் பார்த்தேன். என்னால் சண்டை வேண்டாம். என்னிடம் மாஸ்டர் பால் அசல் ஒன்று இருக்கிறது. அதுவும் ஏஸ் ஸ்பெக்தான். ப்ரைம் கேட்சரை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்கிறேன். ஞாயிறு வரட்டுமா?

பாலாற்றுமணல்:
நீ எதையும் எடுக்க வேண்டாம் தம்பி. எடுத்தால் தப்பு உன் மேல் என்று ஆகிவிடும். அதே டெக், அதே ஜெராக்ஸ், அப்படியே கொண்டு வா.

காட்பாடி பைண்டர்:
தம்பி, மாஸ்டர் பாலோடு வா. தாராளமாக ஆடலாம். ஆனால் போன வார ஆட்டத்தை நான் தோல்வியாக எழுத மாட்டேன். என் நோட்டில் அது ரத்து.

பாலாற்றுமணல்:
உங்கள் நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். மாடிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது அப்படியே இருக்கிறது. காலையில்கூடப் பார்த்தேன்.

காட்பாடி பைண்டர்:
மழை வரும்.

பாலாற்றுமணல்:
வேலூரிலா? அதுவும் இந்த மாதத்திலா? ஒன்பதில் ஏழு, ஐயா. ஒன்பதில் ஏழு.

காட்பாடி பைண்டர்:
0.1 மில்லிமீட்டர். ஞாயிறு வெர்னியர் அளவுகோல் கொண்டு வருகிறேன்.

ஆம்பூர் அறுபது:
கொண்டு வாருங்கள். முதலில் உங்கள் ஃபாயிலை அளப்போம்.