புதுப்பிப்பு: "நாவல் எப்போ வருது?"

கொடைக்கானல் பக்கத்துக் கிராமமான பூம்பாறையில் பார்க்கிறவர்களெல்லாம், நான் எழுதும் நாவலைப் பற்றி, "நாவல் எப்போ வருது?" என்று அன்பாகக் கேட்பது மனதை அழுத்துகிறது, என்ன பதில் சொல்ல என்று முன்பு கேட்டிருந்தேன். "தேதியை விடு, வேலையைப் பற்றிப் பேசு" என்றீர்கள். செய்து பார்த்தேன், நல்ல பலன்.

மலைப்பூண்டைக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, "பதிப்பகத்துல படிக்கிறாங்கக்கா. நான் 2018-ல குறிஞ்சி பூத்த அத்தியாயத்தைத் திருத்துறேன்" என்றேன். கையிலிருந்த பூண்டுத் தாளை உதறிப் போட்டுவிட்டு, அந்த வருஷம் எந்தெந்தச் சரிவு நீலமாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, இனி 2030-ல்தான். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பொக்கிஷம், அன்றிரவே எழுதிவைத்தேன்.

மாமாவிடம் மட்டும் இது எடுபடவில்லை. "சரி, எவ்வளவு கிடைக்கும்?" என்கிறார். அதற்கு யாராவது பதில் வைத்திருந்தால் சொல்லுங்கள்.