மெட்டல் டிடெக்டர் மிஷின் வேண்டப் போறவைக்கு: எங்கட மண்ணில எங்களுக்கு நடந்தது

மாங்குளத்தான்:

போன ஆவணியில கனடாவில இருந்து வந்த மச்சான் ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டந்தவன். அங்க ஞாயிறு விடிய எழும்பிக் கடற்கரையில குத்திக்காசு பொறுக்கிறதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. எங்கட வளவுக்குள்ள அதைப் போட்டதும் பத்தடி நடக்க விடேல்லை. தகரத்து ஆணி, முள்ளுக்கம்பி, சோடா மூடி, ரவைக் கோது, திரும்பவும் ரவைக் கோது. மச்சானுக்கு அலுத்துப் போச்சு. இரும்புச் சத்தத்தை விலக்கிற டிஸ்கிரிமினேஷனைக் கூட்டிவிட்டான். மிஷின் அடங்கினது, எங்களுக்கும் பெரிய சந்தோசம். பின்னேரம் வேலிக்கு அங்கால நிண்ட அயல் வீட்டு அக்கா எட்டிப் பாத்திட்டு, "இரும்பை நிப்பாட்டிப் போட்டோ உதுக்குள்ள திரியிறியள்?" எண்டு கேட்டா. அவ முந்தி மிதிவெடி எடுத்தவ. எனக்கு அப்பதான் வேர்த்தது.

மச்சான் மிஷினைத் திரும்பக் கொண்டு போயிட்டான். எனக்கோ ஆசை பிடிச்சிட்டுது, சொந்தமா ஒண்டு வேண்ட யோசிக்கிறன். வேண்டினவை, வேண்டி மாட்டுப்பட்டவை உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ.

அயல் வீட்டு அக்கா:

தம்பி, கேட்டது நான்தான், நானே எழுதுறன். முகமாலையில ஆறு வருசம் வேலை செய்தனான். பிள்ளையளைப் படிப்பிச்சதும் அந்தச் சம்பளத்திலதான். நாங்கள் ஒரு நாளும் இரும்பை விலக்கி வேலை செய்ததில்லை. சத்தம் வந்தா அது ஆணியா இருந்தாலும் மிதிவெடி எண்டு நினைச்சுத்தான் குந்துவம். காலமை லேனுக்குள்ள, அதாவது தேடுறதுக்குக் குறிச்சு விட்ட ஒடுங்கின பாதைக்குள்ள, இறங்க முதல் மாதிரி உலோகத் துண்டு ஒண்டை வைச்சு மிஷின் கத்துதோ எண்டு பாப்பம். ஒவ்வொரு நாளும் பாப்பம்.

பி-4 எண்ட மிதிவெடிக்கு உடம்பெல்லாம் பிளாஸ்டிக். உள்ளுக்கு ஊசியும் வெடிக்க வைக்கிற டெற்றனேற்றரும்தான் உலோகம், அதுவும் கொஞ்சம். ஜொனி 95 எண்ட மிதிவெடிக்கோ பெட்டியே மரம். கடையில விக்கிற மிஷின் குத்திக்காசு தேடச் செய்தது. அது கத்தாட்டில் கீழ ஒண்டும் இல்லை எண்டு நினைச்சிடாதேங்கோ. சில இடங்களில நாங்களே மிஷினை ஒரு பக்கம் வைச்சிட்டு, நீளப் பிடி போட்ட றேக்கால மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தனாங்கள்.

எந்த மிஷின் நல்லது எண்டு எனக்குத் தெரியாது. எந்தக் காணி எண்டு முதல்ல கேளுங்கோ. துப்புரவாக்கிக் கையளிச்ச காணியோ எண்டு ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவையாளரிட்ட) விசாரியுங்கோ. கையளிச்சது எண்டாலும் குறிச்ச ஆழம் மட்டும்தான் பாத்திருப்பினம். பழைய மண் அணை, பங்கர் கிடங்கு, சனம் திரும்பிப் போகாத பற்றை, இதுக்குள்ள மிஷினோட காலை வைக்காதேங்கோ. அறியாத சாமான் கண்டா கையை எடுத்திட்டு, வந்த அடியிலயே திரும்பிப் போய் 119க்குச் சொல்லுங்கோ. பழைய இரும்பு பொறுக்கப் போய் கை போன பெடியளை எனக்குத் தெரியும்.

கரைவலை:

நான் முல்லைத்தீவுக் கரை. வலை இழுக்கேக்க கலியாண மோதிரம் கழண்டு விழுந்திட்டுது. மனிசி ஒரு சொல்லுப் பேசேல்லை, அதுதான் பயம். கொழும்பில இருக்கிற கூட்டாளியிட்ட மிஷின் இரவல் வேண்டினன். ஒரே அலைவரிசையில ஓடுறது. காய்ஞ்ச மணலில நல்ல பிள்ளை. அலை நனைக்கிற இடத்துக்குக் கொண்டு போனா ஒண்டும் இல்லாமலே கத்தும். உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்துறதால அப்பிடி எண்டு பிறகு அறிஞ்சன். கடற்கரைக்குத்தான் எண்டா கன அலைவரிசையில ஒண்டாய் ஓடுற மிஷினைப் பாருங்கோ, மைன்லாப் வான்குவிஷ் மாதிரி. கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் இன்னொரு தலையிடி, அதில இல்மனைற் எண்ட இரும்பு கலந்த கனிமம் இருக்கு. அங்க கிரவுண்ட் பலன்ஸ், அதாவது மண்ணுக்கு ஏத்தமாதிரி மிஷினைச் சரிக்கட்டுற வசதியும், டிடி கொயிலும் (கொயில் எண்டா மண்ணுக்கு மேல ஆட்டுற தட்டு, டிடி அதில ஒரு வகை) இல்லாட்டி மிஷினுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். இன்னொண்டு, கொயில் தண்ணி தாங்கும் எண்டு பெட்டியில எழுதியிருந்தா கொயில் மட்டும்தான் தாங்கும். மேல பிடியில இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி தாங்காது.

இரண்டு நாள் தேடியும் மோதிரம் இல்லை. டொபிப் பேப்பர் சத்தம் கேட்டுக் களைச்சு ஈயப்பேப்பரை விலக்கி வைச்சிருந்தன், அதுதான் பிழை. சின்னப் பொன் மோதிரத்துக்கும் ஈயப்பேப்பருக்கும் மிஷின் திரையில கிட்டத்தட்ட ஒரே இலக்கம்தான் காட்டும். மூண்டாம் நாள் எல்லாத்தையும் திறந்துவிட்டு, காய்ஞ்ச பக்கத்தில நாலு அங்குலத்துக்குக் கீழ எடுத்தன். அதுக்கு முதல் எடுத்த டொபிப் பேப்பர் ஒரு உரப்பை நிறைய.

வவுனியாவில இருந்து:

சட்டத்தையும் ஒருக்கா யோசியுங்கோ. நண்பர் ஒருவர் காட்டோரச் செங்கல் மேடு ஒண்டில சும்மா மிஷினை ஆட்டிப் பாத்தவர். தோண்டவே இல்லை, எண்டாலும் அண்டு முழுக்கப் பொலிஸ் ஸ்டேசனில இருந்து விளக்கம் சொன்னவர். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தின பொருள் தொல்பொருள். அனுமதியில்லாமல் அதைத் தேடித் தோண்டுறது குற்றம். இயக்கத்தின்ர (புலிகளின்ர) தங்கம் எண்டு சனம் கதைக்கிற இடங்களை நீதிமன்ற உத்தரவோட பொலிஸ் பெக்கோ எண்ட மண் கிண்டுற வாகனம் கொண்டு வந்து கிண்டுறதைப் பேப்பரில பாத்திருப்பியள். நாங்கள் மிஷினோட போய் நிண்டா பொழுதுபோக்கு எண்டு ஆர் நம்புறது?

மாங்குளத்தான்:

எல்லாரும் எழுதினதுக்கு நன்றி. வேண்டிட்டன். விலை கூடினது இல்லை, நாலு சின்ன பற்றரியில ஓடுறது. எங்கட சிவப்பு மண்ணில அது சொல்லுற ஆழத்தில பாதி கூடப் போகாது, எனக்கு அதுவே காணும். 2005இல வந்த ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபாக் குத்தியள் முலாம் பூசின உருக்கு. இரும்பை விலக்கினா அதுகளும் காதுக்கு எட்டாமப் போகலாம். அதனால விலக்கிறதே இல்லை.

மற்றச் சாமான் கனக்க வேண்டாம். சாமான் கிடக்கிற சரியான இடத்தைக் கிட்டப் பிடிச்சுக் காட்டுற கையடக்கப் பின்பொயின்டர் ஒண்டு கட்டாயம், இல்லாட்டி ஒரு தோட்டுக்காக அரை வளவைக் கிளற வேண்டி வரும். அலவாங்கு, மண்வெட்டி எடுக்கிறதில்லை, ஒரு மேசன் கரண்டி. எடுத்த கோது, ஆணியளைத் திரும்பவும் மண்ணில போடாம இடுப்பில ஒரு பை. ஹெட்போன் எல்லாரும் போடச் சொல்லுவினம், நான் ஒரு காதில மட்டும்தான் போடுறன். எங்கட பக்கம் பொழுது படேக்க ஆனை வாறதைக் கேக்க மற்றக் காது வேணும்.

ஒரு மாசத்தில மூண்டு வேலை வந்திட்டுது, மூண்டும் குடியிருக்கிற வளவுக்குள்ளதான். உழவு மெஷினில கழண்டு விழுந்த ஊசி, மாட்டுக் கொட்டிலுக்குள்ள விழுந்த திறப்புக் கோர்வை. போன கிழமை அயல் வீட்டு அக்கா வீட்டில, அவவின்ர மகளின்ர தோட்டுச் சுரை. தோடு கையில இருக்கு, சுரையைத்தான் காணேல்லை. முத்தத்தில மூண்டு மணித்தியாலம். அக்கா பக்கத்திலயே குந்தியிருந்து, நான் கரண்டியை வைக்கிற ஒவ்வொரு இடத்தையும் பாத்துக்கொண்டு இருந்தவ. சுரை கடைசியில கிணத்தடிச் சீமெந்து வெடிப்புக்குள்ள கிடந்தது. கூலி ஒரு சாக்கு மாங்காய்.