கோதடி விரித்தால் பூனை வரும்: மும்பை வீடுகளிலிருந்து சில அனுபவங்கள்

செம்பூரிலிருந்து:

மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் கோதடி வேலை ஆரம்பித்துவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பையில் அதைத் தொட முடியாது. நாலைந்து அடுக்குத் துணி, ஈரக்காற்றில் உள்ளடுக்கு காயாமல் பூஞ்சை பிடித்துவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்துக் கோதடி என்பது பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, கையால் நூலோட்டித் தைக்கும் போர்வை. உள்ளே பஞ்சு கிடையாது. பஞ்சு வைத்த ரஜாய் தில்லிக் குளிருக்குச் சரி, இங்கே ஜனவரி விடியற்காலைக்குக் கோதடியே போதும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி), சாத்தாராப் பக்கத்துக்காரர். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம் வரும், நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலம் வரும். அதுவே உள்ளுக்கு மூன்று அடுக்கு. மேலும் கீழும் இன்னொரு புடவை. கணக்கு அவ்வளவுதான்.

இந்தத் தடவை மேல்துணி என் மாமியாருடைய சுங்குடி. ஒன்பது கஜம். அவர் உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட துணி. புனேயில் இருக்கும் என் மகளுக்கு டிசம்பரில் பிரசவம். பிறந்த குழந்தையைப் பழம்புடவையில் கிடத்துவது நம் வீடுகளில் வழக்கம்தானே. புதுத்துணியின் கஞ்சியும் முரட்டுத்தனமும் பிஞ்சு உடம்புக்கு ஆகாது. குழந்தைக்குக் கீழே விரிக்க ஒன்று, மகளுக்குப் போர்த்திக்கொள்ள ஒன்று என்று இரண்டு தைக்கிறேன்.

காலையில் ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, தரையைத் துடைத்து, துணியை விரித்தேன். இரண்டு மடிப்பு நீவுவதற்குள் பட்டு வந்துவிட்டாள். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் திட்டுத்திட்டாக உள்ள பூனை அவள். இந்த மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்தான். செம்மஞ்சளுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கறுப்பும் செம்மஞ்சளும் ஒரே உடம்பில் சேர்வதற்கு இரண்டு எக்ஸ் வேண்டும், அது சாதாரணமாகப் பெண்ணுக்குத்தான் உண்டு. அவளுக்குப் பின்னால் சோமு, முழுக் கறுப்பு. பட்டு நேராக நடுவில் போய், முன்னங்கால்களால் துணியை மாறி மாறிப் பிசைந்துவிட்டுச் சுருண்டுகொண்டாள். குட்டியில் தாயின் மடியில் பால் குடிக்கும்போது வரும் பழக்கம் அது, மெத்தென்ற துணியைக் கண்டால் வளர்ந்த பூனைக்கும் திரும்பிவிடுகிறது.

மும்பைப் புழுக்கத்தில் இதுகள் ஏன் துணிமேல் போய்ப் படுக்கின்றன என்று என் கணவர் கேட்பார். பூனையின் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. சுற்றுப்புறம் 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதற்குத் தன் சூட்டைக் காக்கத் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை. நமக்கு வேர்க்கிற நேரம் அதற்குச் சுகமான நேரம். நாளில் பாதிக்குமேல் தூங்கும் பிராணி, அடுக்கிய பருத்தியை விடுமா?

நான் எழுத வந்ததே இதற்குத்தான்: பூனை இருந்தால் தையல் வேலை நடக்காது என்று பலர் சொல்கிறார்கள். கோதடி விஷயத்தில் அது சரியில்லை. கோதடியை ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டு வர வேண்டும். பட்டு நடுவில் படுத்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவள் எடையில் அடுக்குகள் நகராமல் நிற்கின்றன. நான் நடுப்பகுதிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ சாயங்காலங்கள் ஆகியிருக்கும். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையும் ஓரத்திலிருந்து உள்ளே போவதுதான்.

பூனைகள் எழுந்ததும் முதல் வேலை அவர்களோடு விளையாடுவது. காகிதப் பந்து, காலி அட்டைப்பெட்டி. கயிறோ நாடாவோ வைத்து விளையாட்டே கிடையாது, ஏனென்றால் அப்புறம் என் நூலும் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். நன்றாக ஓடவிட்டுச் சாப்பாடு வைத்தால், நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஊசி வெளியே வரும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டுவதில்லை. நீளமாக எடுத்தால் சிக்கலும் விழும், பின்னால் தொங்கும் நுனி பூனையையும் கூப்பிடும். வெட்டிய துணுக்கு நூல் ஒவ்வொன்றும் உடனே மூடி போட்ட பாட்டிலுக்குள். அடுக்குகளைப் பிடித்து வைக்கக் குண்டூசி வேண்டாம், ஊக்கு போதும். எழுந்து போகும்போது ஊசிகளை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்தாலும் சரி, எண்ணிய பிறகுதான்.

மத்தியானம் ஆஜி வந்தார். அவர் கண் இப்போது மங்கல். துணியைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் தடவியே தையலைப் பார்த்துவிடுவார். வரிசைக்கு வரிசை ஒரு விரல் அகலம், அதற்குமேல் விட்டால் துவைக்கும்போது உள்துணி சுருண்டுகொள்ளும் என்பார். “இங்கே இழுத்துவிட்டாய், கொஞ்சம் தளர விடு” என்று ஒரு மூலையைக் காட்டினார். தளர்த்தினேன். சோமு அவர் மடியில் ஏறிக்கொண்டான். ஆஜி அவனைத் தள்ளவில்லை, ஒரு கையால் அவனைத் தட்டிக்கொண்டே மறுகையால் மீதி வரிசைகளைத் தடவிப் பார்த்து முடித்தார்.

வெயில் ஜன்னலிலிருந்து நகர நகரப் பூனைகளும் நகர்ந்தன. நானும் அதற்கேற்பக் கோதடியைத் திருப்பிக்கொண்டேன். முதுகு வலிக்கு அது நல்லது. ஒரே பக்கம் குனிந்து மணிக்கணக்கில் தைப்பது என் வயதில் ஆகாது.

தாராவியிலிருந்து:

துணுக்கு நூலைப் பற்றிச் செம்பூர் அம்மா எழுதியதை எல்லோரும் இன்னொரு தரம் படியுங்கள். எங்கள் தையல் பட்டறையில் பூனை கட்டாயம் வேண்டும். துணி மூட்டைக்குள் எலி புகுந்தால் ஒரே ராத்திரியில் பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கு போய்விடும். அப்படி வந்தவள்தான் கறுப்பி. பட்டறையில் மிஞ்சும் கட்பீஸை என் மதினி கோதடிக்கு எடுத்துப்போவாள், அந்த மூட்டைதான் கறுப்பிக்குப் படுக்கை.

ஒருநாள் காலையில் அவள் சாப்பிடவில்லை. வாயில் எச்சில் வடிந்தது, வாந்தி எடுத்தாள். ஒரு பையன் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு அடியில் நூல். அவன் இழுக்கப் போனான். கட்டிங் மாஸ்டர் அண்ணாச்சி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார்: “ஏலே, இழுக்காத! உள்ள எவ்வளவு போயிருக்குன்னு தெரியுமா ஒனக்கு?” பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் நூலைக் காட்டியும், வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. வாந்தி நிற்காததால் மறுநாள் பரேல் விலங்கு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பூனை நாக்கின் முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வாயில் போன நூலைத் துப்ப அதனால் முடியாது, உள்ளேதான் போகும். ஒரு நுனி நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுநுனியைக் குடல் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசகொசவென்று சுருங்குமே, குடல் அப்படி நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். நூல் அதை அறுக்கவும் அறுக்கும். வெளியே தெரிகிற நுனியை, வாயிலானாலும் பின்பக்கமானாலும், நாம் இழுத்தால் அந்த அறுப்பை நாமே செய்கிறோம். வெட்டுவதும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும், அவ்வளவுதான். கறுப்பிக்கு அறுவை செய்து நூலை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள், இப்போதும் எலி பிடிக்கிறாள்.

மும்பையில் இருப்பவர்கள் இரண்டு இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரேலில் 1880களிலிருந்து இருக்கும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை ஒன்று. மகாலட்சுமியில் 2024-ல் திறந்த டாடா டிரஸ்ட்ஸ் சிறு விலங்கு மருத்துவமனை இன்னொன்று. தொலைபேசி எண்ணைத் தையல் மிஷின் பக்கத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:

நான் கையால் தைப்பவன் இல்லை. பாட்டியிடம் மிஷின் கற்றேன். சனிக்கிழமைகளில் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் கட்பீஸ் வாங்கிவந்து சதுரம் சதுரமாக இணைப்பேன். புதுத்துணியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காய வைத்துவிட வேண்டும். ஒரு துண்டு சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் முதல் சலவையிலேயே தையல் கோணிக்கொள்ளும்.

பூனை உள்ள வீட்டில் மின்சார மிஷினின் கால் பெடல் ஆபத்து. அது தரையில் கிடக்கிறது, பூனை மிதித்தால் ஊசி ஓடும். இடத்தைவிட்டு எழுந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். பாட்டியின் பழைய மிதி மிஷினில் சக்கரமும் தோல் பட்டையும் இருக்கும், வால் பக்கத்தில் போகாமல் பார்க்க வேண்டும். எங்கள் பூனைக்கு ஒரு கூடையில் அதே துணியின் துண்டுகளைப் போட்டு மேஜைமேல் என் இடது கைப்பக்கம் வைத்திருக்கிறேன். அது வந்த பிறகு மிஷினுக்கு அடியில் அவள் போவதே இல்லை. பக்கத்தில் இருக்க வேண்டும், உயரத்தில் இருக்க வேண்டும், அவளுக்குத் தேவை அதுதான் என்று நினைக்கிறேன்.

செம்பூர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. தைத்து முடித்ததைக் குழந்தை வரும்வரை எப்படி வைக்கப்போகிறீர்கள்? எங்கள் வீட்டில் பீரோவில் பாச்சை உருண்டை போடும் பழக்கம்.

செம்பூரிலிருந்து:

பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி. நாப்தலீன் பூனைக்கு விஷம், கைக்குழந்தைக்கும் ஆகாது. கற்பூரமும் வேண்டாம்.

முதலில் ரப்பர் கையுறையை லேசாக நனைத்துக் கோதடியை ஒரே திசையில் தேய்த்தால் பூனை முடி உருண்டு உருண்டு வந்துவிடும். அப்புறம் சோப்பு குறைவாகப் போட்டு ஊற வைத்து அலசணும். நனைந்த கோதடியை ஒரு ஆளால் தூக்க முடியாது, நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் பிழிவோம். மொட்டை மாடியில் ஒரு பக்கம் முழுதாகக் காய்ந்ததும் புரட்டிப் போட்டு மறுபக்கம். நன்றாகக் காய்ந்த துணியைச் சுத்தமான வேட்டியில் சுற்றிப் பீரோ மேல்தட்டில் வைத்து, வாரம் ஒருமுறை வெயில் காட்டுகிறேன். பீரோவைப் பூட்டும் முன் உள்ளே பட்டு இருக்கிறாளா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிடுவேன். குழந்தைக்கான சின்னதை மட்டும் பிரசவத்துக்கு முந்தின வாரம் மறுபடி துவைத்து, பூனை போகாத அறையில் வைக்கப்போகிறேன்.

பெரியதில் இன்னும் நடுப்பகுதி பாக்கி. பட்டுவுக்கு மாமியாருடைய ஒன்பது கஜத்தில் மிஞ்சிய முந்தானையை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். நடுவுக்கு வரும்போது அதை ஜன்னலோரம் விரித்தால் போய்விடுவாள்.